வாசலில் நின்ற நாய்

தெருவில் திரியும் பெரிய நாயொன்றை வீட்டில் சேர்த்துக்கொள்வதா, வேண்டாமா என்ற கேள்வி ஒரு குடும்பத்தின் சொந்த விவகாரம் போலத் தோன்றினாலும், அது எழுவதற்கே வரலாற்றில் இரண்டு மாறுதல்கள் முன்னதாக நடந்திருக்க வேண்டும். நாய்கள் ‘வளர்ப்பு நாய்’ என்றும் ‘தெரு நாய்’ என்றும் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது ஒன்று. அவ்விரண்டுக்கும் நடுவே ஒரு நாய் நிற்பதற்கு இடமில்லாமல் போயிருக்க வேண்டும் என்பது மற்றொன்று. திண்ணையும் கொல்லையும் இருந்த பழைய ஊர்களில், திண்ணைக்குக் கீழே படுத்து, மிஞ்சிய சோற்றைத் தின்று, இரவில் வேற்றாளைக் கண்டு குரைத்து வாழ்ந்த நாய்க்கு உடைமையாளர் என்று ஒருவர் இருந்தாக வேண்டிய தேவை இல்லை. ஆயினும் அது எந்த வீட்டு வாசல் நாய் என்பது தெருவுக்கே தெரிந்திருந்தது. அந்த நாயை யாரும் முடிவெடுத்துச் சேர்த்துக்கொள்ளவில்லை, அது ஒட்டிக்கொண்டது. மகப்பேறு இல்லாதவர் மரபு தொடரப் பிள்ளையைச் சுவீகாரம் செய்வதைக் குறித்த ‘தத்து’ என்னும் சொல் நாய்க்கும் ஆகிவந்திருப்பது அண்மைக் கால வழக்கு. ஒட்டிக்கொண்ட நாய் தத்தெடுக்கப்படும் நாயாக மாறியதற்கு நடுவே சட்டமும் நோயும் கட்டடமும் சேர்ந்து எழுதிய ஒரு வரலாறு உள்ளது.

கல்லில் நின்ற நாய்கள்

நாய்க்கு மரியாதை செய்த சான்றுகள் தமிழகத்தில் மிகப் பழையவை. போரிலோ ஆநிரை காக்கும் பூசலிலோ மாண்ட வீரனுக்கு எடுக்கப்படும் கல்லான நடுகல்லில், பெரும்பாலும் வீரனின் உருவமும் அவன் மாண்ட செய்தியும் மட்டுமே இடம்பெறும். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கிடைத்த, பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லோ, எருமைகளைக் காக்கும் பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் அவனது நாயையும் உருவமாகச் செதுக்கிப் பெயரோடு பதிவுசெய்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு நாயின் பெயர் இன்றும் தெரிவதற்கு, அது செய்த தொழில் ஒன்றே காரணம்.

இதைவிட விரிவான செய்தி கர்நாடகத்தில் மண்டியா பகுதியைச் சேர்ந்த ஆதகூர்க் கல்வெட்டில் உள்ளது. 949இல் தக்கோலத்தில் நடந்த போரில், சோழ இளவரசன் இராசாதித்தனை வீழ்த்திய இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் தரப்பில் நின்று போரிட்ட மணலேரன் என்னும் வீரன், தன் தலைவன் மகிழ்ந்து வரம் தர முன்வந்தபோது, அவனிடமிருந்த காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் அந்த நாய் ஒரு பெரும் பன்றியோடு பொருதபோது நாயும் பன்றியும் ஒருங்கே மாண்டன. நாயின் நினைவாகக் கோயிலுக்கு முன் கல் நிறுத்தி, அதற்கு நிலமும் விடப்பட்டது. அக்கல்லைப் பேணும் பொறுப்புடையவர் அதை வழிபடாமல் உண்பது பாவம் என்றும் விதிக்கப்பட்டது. போர்ப் பரிசாக ஒருவன் ஒரு நாயைத் தேர்ந்தெடுத்ததைச் சொல்லும் இக்கல்வெட்டு, ஒரு நாயை ஏற்பது பற்றிய முடிவு பதிவான மிகப் பழைய ஆவணங்களுள் ஒன்றாகக் கருதத்தக்கது. அங்கும் அம்முடிவுக்கு அடிப்படை நாயின் உடல்வலியே.

இலக்கிய மரபோ நாயை ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் வைத்தது. தன்னைப் பேணும் பாகனையே கொல்லும் யானையைவிட, எறிந்த வேல் உடலில் தைத்திருக்கும்போதும் எறிந்தவனைக் கண்டு வால் குழைக்கும் நாயே நட்புக்கு உவமையாகத் தக்கது என்று நாலடியார் கூறுகிறது. சிவாலயங்களில் பைரவரின் ஊர்தி நாய். அதே வேளையில், இறைவன் முன் தம்மைத் தாழ்த்திக்கொள்ள விரும்பிய பக்திப் புலவர்கள் ‘நாயேன்’ என்றே தம்மைக் கூறிக்கொண்டனர். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைப்பதன் வீண்மையைப் பேசும் பழமொழி இன்றும் வழக்கில் உள்ளது. அப்பழமொழி நாயை வெறுப்பதாகத் தோன்றினாலும், அதன் உட்கிடை இடம் பற்றியதுதான்: நாயின் இடம் நடுவீடு அன்று, வாசல். கோவிலிலும் பைரவர் பெரும்பாலும் வாயிலை ஒட்டியே நிற்கிறார் என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம்.

சட்டம் கிழித்த கோடு

வாசலில் நின்ற நாயை முதலில் ஐயத்தோடு பார்த்தது காலனிய நகர நிர்வாகம். இங்கிலாந்தில் 1796 முதலே நாய்க்கு வரி இருந்தது. வரி கட்டியவரே உடைமையாளர், உடைமையாளர் இல்லாத நாய் அகற்றப்பட வேண்டியது என்னும் எண்ணம் அங்கே வேரூன்றியது. அந்த எண்ணத்தை இந்திய நகரங்களுக்குக் கொண்டுவந்தபோது, யாருடையது என்று சொல்ல முடியாமலும் யாருக்கும் வேண்டாததாக இல்லாமலும் இருந்த வாசல் நாய்கள் அனைத்தும் ஒரே நாளில் ‘ஆளற்ற நாய்கள்’ ஆயின. ஆங்கிலேயர் அவற்றுக்கு வைத்த பெயரே இந்தப் பார்வையைக் காட்டிக்கொடுக்கிறது. தமிழகத்தின் ஒடுக்கப்பட்ட சாதியொன்றின் பெயரைத் திரித்து, ‘பரையா நாய்’ என்று அவர்கள் அழைத்தனர். மனிதரை ஊருக்கு வெளியே நிறுத்திய சொல்லை எடுத்து, ஊருக்குள் இருந்த நாயின் மேல் ஒட்டிய இந்தப் பெயர், மனிதருக்கும் இழிவாகி, நாயைப் பற்றியும் தவறான செய்தியைத் தந்தது.

இரண்டு பார்வைகளும் நேருக்கு நேர் மோதிய இடம் பம்பாய். அங்கு 1813 முதலே கோடைப் பருவத்தில் தெரு நாய்களைக் கொல்வதற்கு விதி இருந்தது. 1832இல் கொல்லும் காலம் நீட்டிக்கப்பட்டதோடு, கொன்ற நாய் ஒன்றுக்கு 8 அணா கூலியும் தரப்பட்டதால், பிடிப்பவர்கள் வீட்டு நாய், தெரு நாய் என்று பாராமல் தடியெடுத்தனர். இறந்தவரின் உடலை நாயின் பார்வைக்குக் காட்டும் ‘சக்தீத்’ என்னும் சடங்கைக் கொண்ட பார்சிகளுக்கு நாய் சமயத் தொடர்புடைய உயிர். அவ்வாண்டு சூன் 6ஆம் நாள் பார்சிகள் காவலர்களை எதிர்த்துத் தாக்கினர். மறுநாள் கடைகள் அடைக்கப்பட்டன. இந்துக்களும் சமணரும் முசுலிம்களும் உடன் சேர, கொலாபாவில் இருந்த படையினருக்கு உணவுப் பொருள்கள் செல்வதும் தடைப்பட்டது. இறுதியில் படையை இறக்கியே கலகம் அடக்கப்பட்டது. உடைமையாளர் இல்லை என்று அரசு சொன்ன நாய்களுக்காக ஒரு நகரமே கடையடைத்தது என்பதே, அவை ஆளற்றவை அல்ல என்பதற்குப் போதிய சான்று. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1834இல், பார்சி வணிகரான சாம்செட்சி சீசீபாயும் அமீசந்த் சாவும் சேர்ந்து பம்பாயில் பிஞ்சராபோலை நிறுவினர். பிஞ்சராபோல் என்பது முதிர்ந்த, ஊனமுற்ற, கைவிடப்பட்ட விலங்குகளைக் கொல்லாமல் சாகும்வரை வைத்துக் காக்கும் குசராத்திய மரபுக் காப்பகம்.

இலண்டனில் இதே சிக்கலுக்கு வேறொரு விடை தேடப்பட்டது. மேரி டீல்பி என்னும் பெண்மணி 1860இல் ஆலோவே பகுதியில் தொடங்கி, 1871இல் பாட்டர்சீக்கு இடம்பெயர்ந்த நாய்க் காப்பகம், வழிதவறிய நாயை உரியவரிடம் திருப்பித் தருவதையும், உரியவர் வராத நாய்க்குப் புதிய வீடு தேடித் தருவதையும் தன் வேலையாகக் கொண்டது. வீடு கிடைக்காத நாய்களுள் பல கொல்லவும் பட்டன. இன்று உலகெங்கும் வழங்கும் நாய்த் தத்து என்னும் முறையின் மூலம் இங்கேதான் உள்ளது. பிஞ்சராபோல் நாய்க்கு ஒரு முடிவிடத்தைத் தந்தது. பாட்டர்சீ ஒரு காத்திருப்பு அறையைத் தந்தது. இரண்டிலும் வாசல் இல்லை.

நோயும் ஊசியும்

வாசல் நாயின் மேல் விழுந்த ஐயத்துக்கு நிர்வாகத்தின் ஒழுங்கு வேட்கை மட்டும் காரணம் அன்று. வெறிநோய் என்னும் உண்மையான அச்சமும் இருந்தது. நோயுற்ற நாயின் உமிழ்நீர் வழியே நரம்பைப் பற்றி மூளைக்கு ஏறும் இந்த நோய், அறிகுறி தோன்றிய பின் ஏறக்குறைய எப்போதும் சாவிலேயே முடிகிறது. 1885இல் பாரிசில் லூயி பாசுச்சர் ஒரு சிறுவனுக்குத் தம் தடுப்பூசியைச் செலுத்திக் காட்டிய பின்னரே, கடித்த பிறகும் பிழைக்க வழி உண்டு என்பது நிறுவப்பட்டது. இந்தியாவில் 1900இல் கசௌலியில் முதல் பாசுச்சர் நிலையம் தொடங்கப்பட்டபோது, தென்னாட்டில் கடிபட்டவர் இமயத்தின் அடிவாரம்வரை செல்ல வேண்டியிருந்தது. அந்தத் தொலைவை ஒழித்தது 1907இல் குன்னூரில் திறக்கப்பட்ட தென்னிந்தியப் பாசுச்சர் நிலையம்.

கசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல் உருவாக்கிய, ஆட்டு மூளைத் திசுவிலிருந்து எடுக்கப்பட்ட தடுப்பு மருந்தே அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இந்தியாவை ஆண்டது. வயிற்றுத் தோலில் நாள்தோறும் போடப்பட்ட அந்த ஊசி, ‘தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி’ என்று தமிழ் வீடுகளில் ஒரு தலைமுறையையே மிரட்டியது. அரிதாக நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் பக்கவிளைவும் அதற்கு இருந்தது. கைத்தசையில் சில முறை மட்டுமே போடப்படும் உயிரணு வளர்ப்புத் தடுப்பூசி வந்த பின், 2004ஆம் ஆண்டு முடிவோடு இந்தியாவில் பழைய மருந்தின் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. தெரு நாயைத் தொடாதே என்று பேரப்பிள்ளையைத் தடுக்கும் முதியவரின் குரலில், நாயைவிட அந்தப் பதினான்கு ஊசியின் நினைவே பெரிதாக இருக்கிறது. ஆயினும் அந்தத் தடையைப் பழங்கதை என்று தள்ளிவிடவும் இயலாது, ஏனெனில் ஊசி மாறியதே தவிர நோய் மாறவில்லை. நாயின் உடலில் நோய்க்கிருமி அறிகுறியின்றி வாரங்களோ மாதங்களோ தங்கியிருக்கக்கூடும் என்பதால், நலமாகத் தோன்றும் தெரு நாயையும் தடுப்பூசியும் மருத்துவச் சோதனையும் இன்றி வீட்டுக்குள் கொண்டுவருவது இன்றும் ஏற்கத்தக்கது அன்று.

நாய் வண்டியிலிருந்து காது வெட்டுக்கு

சென்னை நகரில் சுருக்குக் கம்பியோடு வந்த நாய் வண்டி, பிடித்த நாய்களைக் கொல்லக் கொண்டுசெல்வதாகவே நெடுங்காலம் இருந்தது. சென்னை மாநகராட்சி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இம்முறையைத் தொடங்கியபோது நாளொன்றுக்கு ஒரு நாய்கூடக் கொல்லப்படவில்லை என்றும், 1990களின் நடுவில் அது நாளொன்றுக்கு நூற்றுக்கு மேல் உயர்ந்தது என்றும் புளூ கிராஸ் அமைப்பு கணக்குக் காட்டியது. நூறாண்டுக்கு மேல் கொன்ற பின்னும் கொல்ல வேண்டியவற்றின் தொகை கூடிக்கொண்டே போயிற்று என்பதே அம்முறையின் தோல்விக்கான சான்றாக முன்வைக்கப்பட்டது. ஓரிடத்து நாய்களை அகற்றினால், அங்குள்ள குப்பையையும் சோற்றையும் நம்பி வேறு நாய்கள் வந்து நிரம்பும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம்.

விமான ஓட்டியான கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவியும் விமான ஓட்டியுமான உஷா சுந்தரமும் 1959இல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ், கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை அறுவையை வலியுறுத்தியது. அதே காலத்தில், நடனக் கலைஞரான ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா தூண்டுதலாக அமைய, 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர், அதன் தலைமையகமும் நெடுங்காலம் சென்னையில் இருந்தது. ஆனால் அந்தச் சட்டமே தெரு நாயைக் கொலைக்கூடத்தில் கொல்வதை வதைக்கு விதிவிலக்காக வைத்திருந்தது என்பதும், விலங்கைப் பசியால் வாடக் கைவிடுவது குற்றம் என்று கூறிய அதே சட்டம் முதல் குற்றத்துக்கு விதித்த அபராதம் 10 முதல் 50 ரூபாய் வரை மட்டுமே என்பதும், அக்காலத்தின் தயக்கத்தைக் காட்டுகின்றன.

சென்னை மாநகராட்சி 1996இல் கருத்தடை முறையை ஏற்றது. 2001இல் மத்திய அரசு வகுத்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் அதை நாடு முழுவதற்கும் ஆக்கின. பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்பது இவ்விதிகளின் சாரம். அவ்வாறு விடப்படும் நாயின் காது நுனியில் இடப்படும் சிறு வெட்டு, மீண்டும் அறுவைக்குப் பிடிக்காதபடி அடையாளமாக உதவுகிறது. கழுத்துப் பட்டை ஒரு நாய் ஒருவருக்கு உரியது என்று சொல்லும். காது வெட்டு, அது யாருக்கும் தனியே உரியதன்று, ஆனால் ஊரின் கணக்கில் உள்ளது என்று சொல்லும். பழைய விதிகளுக்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டு விதிகள், இத்தகைய நாயைச் ‘சமுதாய விலங்கு’ என்று குறிப்பதன்மூலம், 19ஆம் நூற்றாண்டில் அழிக்கப்பட்ட வாசலை எழுத்தளவிலேனும் திரும்பக் கட்டின.

உருவத்தின் சுமை

இந்த வரலாற்றில் பெரிய நாயின் நிலை தனியானது. கோவிவனும் காளியும் மதிக்கப்பட்டது அவற்றின் வலிமைக்காக. இராசபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை என்னும் தமிழக இனங்கள் பேணப்பட்டதும் காவலுக்கும் வேட்டைக்குமே. 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கியபோது, வேட்டை நாய்களின் தொழிலுக்கும் சட்டத்தில் இடமில்லாமல் போயிற்று. இராசபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல்தலை வெளியிட்டு அரசு சிறப்புச் செய்தது. தொழில் போன பின் வந்த பெருமை அது. அடுக்ககங்கள் பெருகித் திண்ணையும் கொல்லையும் மறைந்தபோது, ஒரு காலத்தில் வாசலுக்கு அழகாக இருந்த அதே உருவம், மின்தூக்கியில் அண்டை வீட்டாரை ஒதுங்க வைக்கும் உருவமாயிற்று. ‘மூர்க்கமானவை’ என்று 23 இன நாய்களைத் தடைசெய்து 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட சுற்றறிக்கையும், அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கியதும், அந்த அச்சத்தின் ஆழத்தையும் அதைச் சட்டமாக்குவதன் கடினத்தையும் ஒருசேரக் காட்டின.

இந்தியத் தெரு நாய் இயல்பில் நடுத்தர உடலமைப்புடையது. கிடைத்ததைத் தின்று வெயிலைத் தாங்கும் உயிருக்குப் பேருருவம் பாரமே. எனவே மிகப் பெரிய நாயொன்று தெருவில் காணப்பட்டால், அது தெருவில் பிறந்ததைவிட, ஒரு வீட்டிலிருந்து தவறியதோ துரத்தப்பட்டதோ, அவ்வாறு வந்த நாயின் கலப்பில் பிறந்ததோ ஆக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆகவே அதை ஏற்க நினைப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதற்கு ஏற்கெனவே வீடு உண்டா என்பது. தோலுக்கடியில் பதிக்கப்படும் அரிசி அளவிலான அடையாளச் சில்லை மருத்துவமனைகளில் படித்தறிய முடியும் என்பதாலும், 2025இல் சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமத்தோடு அச்சில்லையும் கட்டாயமாக்கியதாலும், இக்கேள்விக்கு விடை காண்பது முன்னைவிட எளிதாகியுள்ளது. இரண்டாவது கேள்வி, அது ஏன் துரத்தப்பட்டது என்பது. தீனிச் செலவும், நோயும், குழந்தை பிறப்பும், வாடகை வீட்டுக்காரரின் மறுப்பும் முதல் வீட்டைத் தோற்கடித்திருக்குமானால், இரண்டாவது வீட்டையும் அவையே சோதிக்கும். மூன்றாவது, நாயின் வலிமைக்கு ஈடுகொடுத்து வாரைப் பிடிக்கக்கூடியவர் அவ்வீட்டில் எத்தனை பேர் என்பது. இரக்கம் இக்கேள்விகளுக்குப் பின்னர் வர வேண்டியது; முன்னர் வந்துவிட்டால், அந்த நாய் இரண்டாம் முறை கைவிடப்படுவதற்கான வழி திறந்துவிடும்.

முடிவு ‘வேண்டாம்’ என்பதாக அமைந்தாலும் நாயின் கதை அத்தோடு முடிவதில்லை. வழிதவறிய வளர்ப்பு நாயாயின் உரியவரைத் தேடுவதும், ஏற்கத்தக்க வேறொரு வீட்டை நாடுவதும், தெருவிலேயே வாழப் பழகிய நாயாயின் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைத்து அதன் இடத்தில் திரும்ப விடச் செய்வதும், வீட்டுக்குள் சேர்க்காமலே செய்யக்கூடிய பொறுப்பான செயல்கள். சேர்த்துக்கொள்வது, கைவிடுவது என்னும் இரண்டு வழிகளே உண்டு என்ற எண்ணம் காலனிய நகரச் சட்டத்தின் எச்சம். தமிழகத்து ஊர்களின் பழக்கம் அது அன்று.

உச்ச நீதிமன்றம் 2025 ஆகத்து 11ஆம் நாள் தில்லிப் பகுதியின் தெரு நாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்க ஆணையிட்டது. அதே மாதம் 22ஆம் நாள் அதை மாற்றி, வெறிநோய் உடையவையும் மூர்க்கமானவையும் தவிர்ந்தவற்றைக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பின் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடிக்கப்படும் நாய்களை அங்கே திரும்ப விடக் கூடாது என்று நவம்பர் 7ஆம் நாள் மற்றோர் ஆணையும் பிறந்தது. வாசல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற வழக்கு, ஆகவே, அந்த ஆண்டிலும் தீரவில்லை. ஆனால் தத்து பற்றி ஆகத்து 22ஆம் நாள் ஆணை கூறியதில் ஐயத்துக்கு இடமில்லை: தெரு நாயை ஏற்க விரும்புபவர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்து, அடையாளம் இடப்பட்ட நாயைப் பெறலாம், பெற்ற நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு.